எக்ஸுக்குப் பக்கத்தில் எத்தனை கோடு?

போன வருடம் மார்ச் மாதம் ஷ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சாமான் சந்தையில் 950 யூரோ எண்ணிக் கொடுத்து ஒரு தோல் தலைக்கவசம் வாங்கினேன். உச்சியில் ஈட்டி மாதிரிக் கூர் வைத்த, கார்ட்டூன்களில் ஜெர்மன்காரன் என்றாலே தலையில் மாட்டிவிடுவார்களே, அந்த பிக்கல்ஹௌபே. விற்ற பெரியவர் சொன்னது இது: வுர்ட்டம்பெர்க் காலாட்படை, 1895 மாடல், சாதாரணச் சிப்பாயுடையது, ஆணி முதல் நூல் வரை அசல். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. இந்தத் தொப்பிகளை வாங்க ஆசைப்படுகிறவர்கள் இதையே விலை கொடுத்துப் படிக்க வேண்டாமே என்றுதான் முழுக்கதையையும் எழுதுகிறேன்.

வுர்ட்டம்பெர்க் என்பதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். 1871இல் ஜெர்மனி ஒரே பேரரசானபோதும் அதற்குள் நான்கு ராஜ்ஜியங்கள் இருந்தன: பிரஷ்யா, பவேரியா, சாக்ஸனி, வுர்ட்டம்பெர்க். படை ஒன்றாகச் சண்டை போட்டாலும் தொப்பியின் முகப்புச் சின்னம் அவரவருக்குத் தனி. பிரஷ்யாவுக்குச் சிறகு விரித்த கழுகு, பவேரியாவுக்குச் சிங்கங்கள், சாக்ஸனிக்கு நட்சத்திரம், வுர்ட்டம்பெர்க்குக்கு ஒரு பக்கம் சிங்கமும் மறுபக்கம் கலைமானும் தாங்கிப் பிடிக்கிற கேடயம், கீழே நாடாவில் 'அஞ்சாமல், விசுவாசமாய்' என்ற வாசகம். படையில் பெரும்பகுதி பிரஷ்யாவுடையது என்பதால் கழுகுத் தொப்பிகள்தான் அதிகம் கிடைக்கும். வுர்ட்டம்பெர்க்குக்கு இருந்தது ஒரே ஒரு படைப்பிரிவு, பதின்மூன்றாவது. சரக்கு குறைவு, விலை கூடுதல். அதிலும் ஷ்டுட்கார்ட் அந்த ராஜ்ஜியத்தின் தலைநகர். இந்த வட்டாரத்துக்காரர்கள் தாத்தா ஊர்த் தொப்பி என்று போட்டி போடுவார்கள். கழுகு வைத்திருந்தால் இதே பெரியவர் 600 சொல்லியிருப்பார். அந்த 350 யூரோ வித்தியாசம்தான் இந்தக் கதைக்கே காரணம்.

தொப்பி எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும். மாட்டுத்தோலை ஊறவைத்து மர அச்சில் இழுத்து வடிவம் கொடுத்து இறுக்கிய, தையலே இல்லாத ஒரு கருப்பு ஓடு. முன்னாலும் பின்னாலும் தனித்தனி விளிம்பு, அவை மட்டும் தையல். முன்விளிம்பைச் சுற்றிப் பித்தளைப் பூண், பின்னால் முதுகெலும்பு மாதிரி ஒரு பித்தளைப் பட்டை. உச்சியில் கூர், அதன் வட்ட அடித்தட்டை நான்கு குமிழ் ஆணிகள் பிடித்திருக்கும், ஆணியின் கால்கள் உள்ளே பிளந்து மடக்கப்பட்டிருக்கும். முகப்புச் சின்னத்தின் முதுகில் இரண்டு கம்பி வளையங்கள் பற்றவைத்திருக்கும். அவை ஓட்டின் இரண்டு துளை வழியாக உள்ளே வரும், அதில் சின்னத் தோல் ஆப்புச் செருகினால் சின்னம் நிற்கும். அவ்வளவுதான். திருகு இல்லை, நட்டு இல்லை. ஆப்பை உருவினால் பத்து வினாடியில் ராஜ்ஜியமே கையோடு வந்துவிடும்.

இந்தப் பத்து வினாடிதான் சேகரிப்பவர்களின் தலைவலி. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய எதிரிப்படைச் சிப்பாய்கள் முழுத்தொப்பியைத் தூக்கிச் சுமக்காமல் சின்னத்தை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். முழுத்தொப்பிகளும் கப்பல் ஏறின. 1919இல் நியூயார்க்கில் போர்க்கடன் பத்திரம் விற்பதற்காக கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 12,000 ஜெர்மன் தலைக்கவசங்களைக் கோபுரமாக அடுக்கி வைத்தார்கள், படம் இன்றும் சுற்றுகிறது. ஆக உலோகம் ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம் என்று நூறு வருடமாகச் சிதறிக் கிடக்கிறது, சந்தையில் யாரோ ஒருவர் ஒன்றோடொன்றை ஜோடி சேர்த்துக்கொண்டே இருக்கிறார்.

வாங்கிய அன்று இரவு இதெல்லாம் என் மண்டையில் இல்லை. மேஜையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், நண்பனுக்குப் படம் அனுப்பினேன், அவன் 'எம்டன்காரன் தொப்பியாடா' என்று கேட்டான். இல்லை, 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மேல் குண்டு போட்ட அந்தக் கப்பல் ஆட்கள் மாலுமிக் குல்லாய்தான் போட்டார்கள், இது தரைப்படை சமாசாரம் என்று விளக்கிவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் புறஊதா டார்ச் எடுத்தேன். இருபது யூரோ சாமான், வாங்கும் முன்பே அடித்துப் பார்த்திருக்க வேண்டும், சந்தை வெயிலில் அடித்தும் பயனில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இக்காலத்து வெள்ளை நூலில் வெளுப்புக் கூட்டும் ரசாயனம் இருக்கும், புறஊதா பட்டால் நீலமாகப் பளிச்சென்று எரியும். நூறு வருடத்துப் பருத்தி அப்படி எரியாது. விளிம்புத் தையல் இருட்டாகவே இருந்தது, நல்லது. உள்தோலை விரல் விரலாக வெட்டி நுனிகளில் ஒரு கயிறு கோத்துச் சுருக்கியிருப்பார்கள், தலைக்கு ஏற்ப இறுக்கவும் தளர்த்தவும். அந்தக் கயிறு மட்டும் டிஸ்கோ விளக்கு மாதிரி எரிந்தது. இதற்கு நான் பதறவில்லை. கயிறு இற்றுப்போகும், யாராவது புதுசு கோத்திருப்பார்கள். தாடைவாரும் பிற்காலத்தது என்று பார்த்ததுமே தெரிந்தது, தோல் வளைந்த இடத்தில் வெடிப்பே இல்லை. அதுவும் பரவாயில்லை, இந்தத் தொப்பிகளில் முதலில் தொலைவது தாடைவார்தான். 'ஆணி முதல் நூல் வரை' என்றவர் நூலில் பொய் சொல்லிவிட்டார் என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

எனக்கு உறுத்தியது சின்னத்தின் மினுமினுப்பு. கூர், பூண், முதுகுப்பட்டை எல்லாம் பாக்கு நிறத்துக்கு மங்கியிருக்க, சின்னம் மட்டும் நேற்றுப் புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்காக நின்றது. நகல் என்று முடிவே கட்டிவிட்டேன். நகல்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. நம் இந்தியாவிலிருந்தே நாடக ஆட்களுக்கும் அலங்காரப் பிரியர்களுக்கும் பித்தளைக் கூர் வைத்த தோல் தொப்பிகள் கணக்கில்லாமல் ஏற்றுமதியாகின்றன. நகல் என்று சொல்லி விற்கிற வரை அதில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு கை மாறி, கொஞ்சம் டீத்தண்ணீரில் ஊறி, ஒரு 'பாட்டியின் பரண்' கதை சேர்ந்தபின்தான் பிரச்சினை.

இங்கே நான் தப்பு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். சின்னத்தைக் கழற்றாமலேயே, முகத்தை மட்டும் பார்த்து, நகல் என்று பெரியவருக்கு ஒரு சூடான மின்னஞ்சல் எழுதி வைத்துவிட்டேன். நல்லவேளை அனுப்பவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆப்பை மெல்ல உருவிச் சின்னத்தைத் திருப்பினால், முதுகுப்பக்கம் அச்சு அசலாகக் குழி குழியாக இருந்தது. சிங்கத்தின் பிடரி மயிர் முன்னால் மேடாக இருந்தால் பின்னால் அதே கூர்மையோடு பள்ளம். மெல்லிய தகட்டைப் பெரிய அச்சில் வைத்து அழுத்தினால்தான் இப்படி வரும். உருக்கி வார்த்த நகலில் முதுகு சமதளமாகவோ மழுங்கியோ இருக்கும், கையில் கனக்கும். வளையம் பற்றவைத்த இடத்தில் ஈயம் கருத்துப் போயிருந்தது, முதுகு முழுக்க யாரும் தேய்க்காத பழைய பழுப்பு. சின்னம் அசல். முன்பக்கத்தை யாரோ பாலிஷ் போட்டுக் கெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ஓட்டைப் பார்த்தேன்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தபோது கருப்புப் பூச்சில் ஒரு நிழல் தெரிந்தது. சின்னம் மூடியிருந்த இடம் பளபளப்பாகவும், காற்றும் வெயிலும் பட்ட இடம் மங்கியும் இருப்பது வழக்கம். பல வருடம் சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றினால் சுண்ணாம்பில் சதுரம் தெரிவதில்லையா, அது மாதிரி. ஆனால் என் சதுரம் வேறு உருவமாக இருந்தது. கேடயத்தின் எல்லையைத் தாண்டி இரண்டு பக்கமும் மேல்நோக்கி ஏதோ விரிந்து போனது. விரல் நுனியால் தடவினேன். கண்ணுக்கு நிழல், விரலுக்கு மெல்லிய வரப்பு. இடது பக்கம் மூன்று, வலது பக்கம் நான்கு, சீப்புப் பல் மாதிரி. இறகு நுனிகள். அந்த ஓட்டில் பல வருடம் ஒரு கழுகு உட்கார்ந்திருக்கிறது.

தெரிந்தபின் எல்லாமே தெரிந்தது. துளை இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. சின்னம் உட்கார்ந்திருந்த இரண்டுக்குக் கொஞ்சம் வெளியே தள்ளி இன்னும் இரண்டு, கருப்பு மெழுகு வைத்து அடைத்தவை, மேலே சின்னம் மூடியிருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளிருந்தும் உள்தோலை மடக்கினால்தான் தெரியும். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு ஜோடியையும் ஒப்பிட்டேன். மெழுகைக் கொஞ்சம் சுரண்டியதில், பழைய துளையின் விளிம்பு உருண்டு, கருத்து, இறுகியிருந்தது. கருப்புப் பூச்சு விளிம்பு தாண்டி உள்ளே வழிந்திருந்தது, அதாவது துளை போட்ட பிறகு பூச்சு. புதிய துளையின் ஓரத்தில் பூச்சு சில்லுச் சில்லாகத் தெறித்திருந்தது, உள்ளே தோல் நார் வெளிறிப் பிசிறாக நின்றது. காய்ந்து மொறுமொறுத்துப் போன பழைய பூச்சின் மேல் துளைபோட்டால்தான் அப்படித் தெறிக்கும். ஈரப் பச்சையாக இருக்கும்போது போட்டதில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதையும் பார்க்காமல் விட முடியாது. போர்க்காலத்தில் படையே பாகங்களை மாற்றிப் போட்டிருக்கலாமே? 1914இல் ஆள் சேர்க்கச் சேர்க்கத் தோல் பற்றாமல், அழுத்திய கம்பளி, தகரம், நார் அட்டை என்று கிடைத்ததில் எல்லாம் தொப்பி செய்தவர்கள் அவர்கள். ஒரு பிரஷ்ய ஓடு வுர்ட்டம்பெர்க் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்து சின்னம் மாறியிருந்தால்? அப்படி நடந்திருந்தால் அதுவும் அசல்தான், சொல்லப்போனால் இன்னும் சுவையான அசல். நான் இரண்டு நாள் இந்த ஆசையோடு இருந்தேன், 950 யூரோ கொடுத்தவனுக்கு இப்படித்தான் ஆசை வரும்.

அந்த ஆசையில் மண் போட்டது கொக்கார்டே. தாடைவாரின் இரு முனையிலும், காதுக்கு மேலே, வட்டமான சின்னத் தகடுகள் இருக்கும். 1897இல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், பேரரசு நிறத்தில், கருப்பு வெள்ளை சிவப்பில், ஒன்றை வலப்பக்கம் எல்லோரும் போட வேண்டும் என்று கொண்டுவந்தார். அவரவர் மாநில நிறம் இடப்பக்கம். பிரஷ்யா என்றால் கருப்பு வெள்ளை கருப்பு. வுர்ட்டம்பெர்க் என்றால் கருப்பு சிவப்பு கருப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் நடு வளையம் மட்டுமே. என்னுடையதில் நடு வளையம் சிவப்பாகத்தான் இருந்தது. பல்லுப்பல்லான ஓரத்துக்குப் பக்கத்தில் கடுகு அளவுக்கு ஒரு பெயர்ப்பு. துரு என்று நினைத்துத்தான் கண்ணாடியை வைத்தேன். சிவப்புக்குக் கீழே துருவும் இல்லை, தகடும் இல்லை, வெள்ளைப் பெயின்ட். வலப்பக்கத் தகட்டின் சிவப்பு மங்கிச் செங்கல் நிறத்தில் இருக்க, இடப்பக்கச் சிவப்பு குங்குமம் மாதிரி இருந்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

கிடங்கில் கொக்கார்டே மாற்ற வேண்டுமென்றால் வேறு தகட்டை எடுத்து மாட்டுவான், அது ஒரு நிமிட வேலை. தூரிகை எடுத்து நடு வளையத்தை மட்டும் பொறுமையாகத் தீட்டுகிறவன் சிப்பாய் இல்லை, வியாபாரி. சின்னம் மாறியதைத் தற்செயல் என்று சொல்லலாம், இதைச் சொல்ல முடியாது.

கடைசியாக முத்திரை. இதைப் பற்றித்தான் பெரியவர் சந்தையில் நிறையப் பேசினார். பின்விளிம்பின் உள்பக்கத்தில் 'பி', 'ஏ' என்று இரண்டு எழுத்தும், அதன் பின் ரோமன் எண்ணும், அடுத்த வரியில் 1911 என்ற வருடமும் அழுத்திப் பதிந்திருந்தது. அந்த இரண்டு எழுத்தும் படைப்பிரிவின் உடைக்கிடங்கைக் குறிக்கும், ரோமன் எண் எந்தப் படைப்பிரிவு என்று சொல்லும். எக்ஸும் பக்கத்தில் மூன்று கோடும் என்றால் பதின்மூன்று, வுர்ட்டம்பெர்க். எக்ஸும் ஒரே கோடும் என்றால் பதினொன்று, அது காஸ்ஸல் நகரத்துப் பிரஷ்யப் படை. இந்தத் தொப்பியில் எக்ஸ் தெரிந்தது, ஒரு கோடு தெரிந்தது, அதற்கடுத்து கட்டைவிரல் நகம் அகலத்துக்குத் தோல் தேய்ந்திருந்தது. 'மிச்ச இரண்டு கோடு கழுத்துப் பட்டியில் உரசி அழிந்துவிட்டது' என்றார். தலையாட்டி வாங்கினேன்.

வீட்டில் நிதானமாகப் பார்த்தபோது மூன்று விஷயம் இடித்தது. உரசித் தேய்ந்தால் விளிம்பின் ஓரம்தான் முதலில் தேயும், இங்கே ஓரம் நன்றாக இருக்க நடுவில் மட்டும் ஒரு தீவு. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தத் தீவில் ஒரே திசையில் கீறல்கள், உப்புத்தாள் வேலை. அழுத்திப் பதித்த கோடு மேல்தோலோடு நிற்காது, கீழே உள்ள நாரையும் நசுக்கியிருக்கும், மேலே தேய்த்தாலும் சாய்ந்த வெளிச்சத்தில் பள்ளத்தின் சாயல் மிஞ்சும்; எக்ஸுக்குப் பக்கத்து ஒற்றைக் கோடு அப்படித்தான் லேசாகத் தேய்ந்தும் நன்றாகவே தெரிந்தது, தீவுக்குள் எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் விட எளிமையான சாட்சி கீழ்வரி. 1911 என்பது மேல்வரிக்கு நட்டநடுவில் வருமாறு பதிந்திருந்தது. ஒரு கோடு என்று எடுத்தால் இரண்டு வரியின் நடுவும் ஒரே நேரில் நின்றது. மூன்று கோடு என்று எடுத்தால் கீழ்வரி இடப்பக்கம் ஒதுங்கிப்போகும். அளவுகோல் வைத்தேன், சந்தேகமே இல்லை. இல்லாத இரண்டு கோட்டை அழித்துவிட்டு, இருந்தது போலக் காட்டியிருக்கிறார்கள். ஆத்திரத்தோடு கொஞ்சம் மரியாதையும் வந்தது, பொய்யாக எதையும் சேர்க்காமல் அழித்தே ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறானே என்று.

உள்தோலை இன்னும் பின்னால் மடக்கியதில், உச்சிக்குக் கீழே மையில் மங்கலாக 83 என்று இருந்தது. எண்பத்து மூன்றாம் காலாட்படை ரெஜிமென்ட் காஸ்ஸலில் இருந்த பதினொன்றாம் படைப்பிரிவின் ஆட்கள். வுர்ட்டம்பெர்க் காலாட்படை எண்கள் 119இலிருந்து 127 வரையும் 180உம்தான். இதை ஏன் அழிக்கவில்லை? கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். எனக்கே மூன்றாவது வாரம்தான் பட்டது.

ஆக முடிவு: ஓடு, கூர், பூண், முதுகுப்பட்டை, உள்தோல், வலப்பக்கத் தகடு எல்லாம் 1911ஆம் வருடத்துப் பிரஷ்ய அசல். சின்னம் வுர்ட்டம்பெர்க் அசல். இடப்பக்கத் தகடு அசல், அதன் சிவப்பு பொய். கயிறும் தாடைவாரும் பிற்காலம். அசல் பாகங்களைக் கொண்டு செய்த போலி. வாங்கும்போது எல்லோரும் சின்னத்தைத்தான் பார்க்கிறோம், நானும் அதைத்தான் பார்த்தேன். உலோகம் தொப்பி விட்டுத் தொப்பி தாவும், துளை தாவாது. இப்போதெல்லாம் சந்தையில் யார் தொப்பியை நீட்டினாலும் முகத்தைப் பார்க்காமல் கவிழ்த்து வயிற்றைத்தான் முதலில் பார்க்கிறேன், சிலருக்கு முகம் சுருங்குகிறது.

பெரியவருக்குப் படங்களோடு எழுதினேன், இந்த முறை சூடில்லாமல். 'நானும் ஒருவரிடம் வாங்கியதுதான்' என்றார், இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருவரிடம் வாங்கியவர்கள்தான். திருப்பித் தரச் சொன்னார். எனக்குக் கொடுக்க மனசில்லை, கொடுத்தால் அடுத்த ஞாயிறு அதே மேஜையில் அதே கதையோடு இருக்கும். பிரஷ்யத் தொப்பிக்கான விலை போக மிச்சத்தைக் கேட்டேன். ஒரு வாரம் இழுத்து 300 யூரோ அனுப்பினார்.

அடுத்த கேள்வி, இதை என்ன செய்வது. தெரிந்த ஒருவர் பழைய கழுகு ஒன்று 90 யூரோவுக்குத் தருவதாகச் சொல்லிக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வைத்துப் பார்த்தேன். வளையங்கள் பழைய துளைகளில் சுலபமாக இறங்கின, இறகுகள் நிழலோடு ஏறக்குறையப் பொருந்தின, தொப்பிக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. ஏறக்குறைய. இடப்பக்கம் இறகு நுனி நிழலைவிட ஒரு நூலளவு கீழே நின்றது. அது வேறொரு தொப்பியின் கழுகு. மாட்டி, உள்ளே ஒரு சீட்டில் உண்மையை எழுதி வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள், தப்பில்லை, ஆனால் சீட்டு தொலையும் என்பது இந்தச் சந்தையில் சுற்றிய யாருக்கும் தெரியும். கழுகைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சேர்த்த மெழுகை எடுத்தேன், கயிறை மாற்றவில்லை, எண்ணெய் எதுவும் தடவவில்லை. வறண்ட தோல் என்று பாவப்பட்டு எண்ணெய் போடுகிறவர்கள் பூச்சைத்தான் உரிக்கிறார்கள். கொக்கார்டேயின் பொய்ச் சிவப்பும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். முகப்பில் நான்கு துளையோடு அலமாரியில் நிற்கிறது, என் மனைவி அதை மூக்கறுந்தவன் என்று கூப்பிடுகிறாள்.

சின்னத்தை, ஓடு மட்டும் வைத்திருந்த ஒரு வுர்ட்டம்பெர்க் சேகரிப்பாளருக்குத் தபாலில் அனுப்பினேன், அவருடைய ஓட்டில் இரண்டே துளை, முத்திரையில் எக்ஸுக்குப் பக்கத்தில் மூன்று கோடும் சுத்தமாக இருந்தது. நான்கு நாளில் பார்சல் திரும்பி வந்தது. வளையம் அவர் துளையில் இறங்கவில்லையாம், ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நின்றதாம், வளைத்து நுழைக்கத் தனக்கு மனம் வரவில்லை என்று எழுதியிருந்தார்.